மஸ்க்ராட்டுக்கும் மிங்க்குக்கும்: சுருக்கா, கிட்டியா, கூண்டா?

வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் ரோமத்துக்காகப் பொறி வைக்கத் தொடங்குகிறவர்கள் முதல் ஆண்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கையிலிருக்கும் காசுக்கு ஐம்பது சுருக்கு வாங்குவதா, ஒரு டஜன் இரும்புப் பொறி வாங்குவதா? ஐம்பது சுருக்கும் மேல்சட்டைப் பையில் அடங்கிவிடும். ஒரு டஜன் பொறி ஏறக்குறைய ஐந்து கிலோ வரும். அதைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நடக்க வேண்டும். ஒரு பொறியின் விலையில் பல சுருக்குகள் வாங்கலாம் என்பதும் உண்மை. இருந்தும், இந்த இரண்டு விலங்குகளைப் பொறுத்தவரை சுருக்கு முதல் கருவி அல்ல. அதற்குக் காரணம் விலையில் இல்லை, அந்த விலங்குகளின் உடம்பில் இருக்கிறது.

மஸ்க்ராட் நம் பெருச்சாளியைவிடக் கொஞ்சம் தடித்த, ஒன்று ஒன்றரைக் கிலோ எடையுள்ள நீர்வாழ் கொறிவிலங்கு. சம்புக்கோரையின் கிழங்கும் தண்டும் அதன் சாப்பாடு. வால் நட்டுக்குத்தாகத் தட்டையாக இருக்கும்; நீந்தும்போது அதுதான் சுக்கான். கரையில் வளை தோண்டும், அல்லது கோரையைக் குவித்துச் சதுப்பின் நடுவே கூடு கட்டும். இரண்டுக்கும் வாசல் தண்ணீருக்கு அடியில்தான். மிங்க் வேறு சாதி. நீர்நாயின் உறவு, ஊன் தின்னி. ஆண் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும், பெண் ஏறக்குறைய அதில் பாதி. கரையோரமாகவே ஓடும், கண்ணில் படும் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் தலையை விட்டுப் பார்க்காமல் போகாது. மஸ்க்ராட்டையும் அடித்துத் தின்னும். அதனால்தான் இரண்டையும் ஒரே ஓடையில் பிடிக்க முடிகிறது, ஆனால் ஒரே முறையில் பிடிக்க முடிவதில்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று கழுத்து. சரியாகச் சொன்னால், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாமை. நரிக்கும் முயலுக்கும் தலை அகலம், கழுத்து ஒடுக்கம். சுருக்கு அந்த ஒடுக்கத்தில் விழுந்து நின்றுவிடும். மிங்க்கின் தலையும் கழுத்தும் தோளும் ஒரே குழாய் போல இருக்கும். செத்த மிங்க் ஒன்றின் தலையிலிருந்து இடுப்புவரை கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் வளையம் போட்டு இழுத்துப் பாருங்கள்: வளையம் எங்கேயும் தட்டாது. எலும்பு குறுக்கே வருகிற முதல் இடம் இடுப்புதான். மஸ்க்ராட்டுக்குச் சிக்கல் இன்னொரு விதம். அது நீந்தும்போது முன்கால்களைத் தாடைக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு பின்கால்களால் மட்டும் உந்தும். தலையும் மடங்கிய முன்கால்களும் ஒன்றாகச் சுருக்கைத் தாண்டிவிடும். வளையம் இறுகுவது மார்பில், சில நேரம் வயிற்றில்.

மார்பில் இறுகிய சுருக்கு விலங்கைப் பிடித்து வைக்குமே தவிர விரைவாகக் கொல்லாது. நீர் ஆழமாக இருந்து, மேலே வந்து மூச்சுவிட முடியாதபடி கட்டு குட்டையாக இருந்தால் நீர் வேலையை முடிக்கும். நீர் ஒரு சாண்தான் என்றால் விலங்கு விடியும்வரை உயிரோடு உருண்டு புரண்டுகொண்டிருக்கும். இதைச் சகித்துக்கொண்டு தொழில் செய்யக் கூடாது. இதற்குமேல் எந்த வாதமும் தேவையில்லை என்றாலும், காசுக் கணக்கும் இதே பக்கம்தான் நிற்கிறது: வயிற்றில் கம்பி இறுகிய தோலில் ரோமம் வட்டமாகத் தேய்ந்துபோயிருக்கும், தரம் பிரிக்கிறவர் அதை முதலில் பார்ப்பார்.

சுருக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும். இந்த அளவு விலங்குக்கு 3/64 அங்குலத் தடிமனுள்ள எஃகு வடம் போதும். 1/16 அங்குலம் என்பது மேல் எல்லை. தடித்த வடம் பலமாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோ எடையுள்ள விலங்கின் இழுப்புக்கு அது சட்டென்று வளைந்து கொடுக்காது, இறுகிய வளையம் தளராமல் பிடிக்கும் பூட்டு ஓடாது, வளையம் பாதி மூடி நிற்கும். பத்தொன்பது இழையை ஒரே முறுக்காக முறுக்கிய வடம் விறைப்பாக வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏழேழு இழையாகப் பின்னிய வடம் மிருதுவானது. நீரோட்டத்தில் வளையம் வாழை நாராகத் தொங்கிவிடும். பூட்டு, இருப்பதிலேயே சிறியதாக இருக்கட்டும். பெரிய பூட்டின் எடையே வளையத்தைச் சாய்த்துவிடும்.

மஸ்க்ராட்டுக்கு வளையம் மூன்றரையிலிருந்து நான்கு அங்குலம். மிங்க்குக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை. வளையத்தை நிறுத்த 11 கேஜ் கம்பியில் ஒரு தாங்கி வேண்டும். தாங்கியைக் கரைச் சேற்றில் ஓர் அடி ஆழம் செருகி, அதன் நுனியை இரட்டையாக மடித்து வடத்தைக் கவ்வ வைக்க வேண்டும். வடத்தின் கடைசியில் ஒரு சுழலி கட்டாயம். சுழலி இல்லாத சுருக்கில் மஸ்க்ராட் உருள உருள வடம் முறுக்கேறி, ஓர் இடத்தில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பில் இழை இழையாக அறுந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் பன்றி வால் போலச் சுருண்ட அரைச் சாண் கம்பி மட்டும் முளையில் இருக்கும். கம்பியோடு போன விலங்கு எங்கோ ஓரிடத்தில் செத்திருக்கும். பிடிபட்டது கிடைத்தாலும் அந்த வடத்தை மறுபடி நிமிர்த்தி வைக்கக் கூடாது. ஒரு சுருக்கு, ஒரு விலங்கு, அவ்வளவுதான். மலிவு என்று கணக்குப் போடும்போது இதைச் சேர்ப்பதில்லை.

ஆனால் சுருக்கு வெல்லும் இடங்களும் உண்டு. வயல் வடிகால் குழாய் ஓடையில் வந்து விழும் வாய் நான்கு அங்குலம்தான் இருக்கும். அங்கே வேறு எந்தப் பொறியும் உட்காராது. வேர்களுக்கு நடுவே மிங்க் நுழைந்து போகும் ஒற்றைப் பாதை இரண்டு கை அகலம்கூட இருக்காது. புதுப்பனி விழுந்த மறுநாள் தடம் அப்படியே எழுதி வைத்தது போலத் தெரியும். சாலைப் பாலத்தடியில் வைத்த இரும்புப் பொறியை ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சுருக்கு போனால் பெரிய நட்டமில்லை. வண்டி போகாத தூரத்தில் நீண்ட வரிசை வைக்கிறவருக்கு எடையும் ஒரு காரணம். இவை தவிர்த்த மற்ற எல்லா இடத்திலும் கிட்டிதான்.

கிட்டி என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். தஞ்சை வயலில் எலிக்கு வைக்கும் மூங்கில் கிட்டி எப்படி உள்ளே நுழைந்த எலியின் உடம்பை இறுக்கிக் கொல்கிறதோ, அதே வேலையை இங்கே இரண்டு இரும்புச் சட்டங்கள் செய்கின்றன. கனடாவின் வடக்கே பொறிக்காரராக வாழ்ந்த ஃபிராங்க் கானிபியர் வடிவமைத்தது. 1950களில் விற்பனைக்கு வந்தது. இன்று யார் செய்தாலும் அவர் பெயராலேயே கானிபியர் என்று அழைக்கிறார்கள். மஸ்க்ராட், மிங்க் அளவுக்கு 110, 120 என்ற இரண்டு எண்கள். இரண்டும் நாலரை அங்குலச் சதுரம்தான். 110க்கு ஒரு பக்கம் ஸ்பிரிங், 120க்கு இரண்டு பக்கமும்.

பொறியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு சதுரச் சட்டங்கள் நடுவில் கத்தரிக்கோல் போல ஆணியால் கோக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்களும் சட்டங்களின் ஓரத்தில் சறுக்கி ஓடி அவற்றை மூடும். மேல் சட்டத்தில் பல்வெட்டுள்ள சிறு தகடு ஒன்று, எதிரே கீழ்நோக்கித் தொங்கும் இரண்டு விசைக்கம்பிகள். தகட்டின் பல் கம்பியின் கழுத்தைப் பிடித்திருக்கும்வரை பொறி திறந்திருக்கும். வைக்கும்போது ஸ்பிரிங்கை அழுத்திப் பாதுகாப்புக் கொக்கியை மாட்டிவிட்டு, பிறகு சட்டங்களை விரித்து, தகட்டைக் கம்பியில் பொருத்தி, பொறி இடத்தில் அசையாமல் நின்ற பிறகே கொக்கியை எடுக்க வேண்டும். 110 விரலை முறிப்பது அபூர்வம். ஆனால் பனிக்குளிரில் மரத்த கையில் அடித்தால் அன்றைய வேலை அத்தோடு சரி.

தகட்டில் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட பல்வெட்டு இருக்கும். நுனி வெட்டில் மாட்டினால் லேசாகத் தொட்டாலே விழும், உள் வெட்டில் மாட்டினால் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். ஓடும் நீரில் உள் வெட்டு, தேங்கிய நீரில் நுனி வெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். விசைக்கம்பிகள் மேலிருந்து தொங்க வேண்டுமா கீழிருந்து நிற்க வேண்டுமா என்பதற்கும் நீரைத்தான் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் கோரைத் துண்டும் பாசியும் மிதந்து வருமானால் கம்பிகள் அடியிலிருந்து நிற்கட்டும். அடியில் இலைச்சகதி உருண்டு வருமானால் மேலிருந்து தொங்கட்டும்.

இனி இடம். பொறிக்காரர் பேச்சில் ஓடுதடம் என்றால் மஸ்க்ராட் தினமும் நீந்தி நீந்தி அடிச்சேற்றில் உழுதுவிட்ட வாய்க்கால். சதுப்பு முழுவதும் கருப்புச் சகதியாக இருக்கும்போது ஓடுதடம் மட்டும் ஐந்தாறு அங்குல அகலத்தில் துடைத்துவிட்டது போல இருக்கும். காலை வைத்தால் மற்ற இடத்தில் புதையும், தடத்தில் கெட்டியாக நிற்கும். கரை வளையின் வாசலுக்கு முன்னால் நீர் கலங்கியிருந்தால், புதிதாக நறுக்கிய வெள்ளைக் கோரைத்தண்டு மிதந்தால், உள்ளே ஆள் இருக்கிறது. இடுப்பளவு பூட்ஸ் போட்டுக் கரையோரமாகக் காலால் தடவிக்கொண்டே போனால் வாசல் பொந்தில் கால் இறங்கும். தெளிந்த கண்ணைவிட அந்தக் காலுக்குத்தான் வாசல்கள் அதிகம் அகப்படும்.

வாசலில் 110ஐ நிறுத்தும்போது சட்டம் பொந்தின் வாயோடு ஒட்டியிருக்க வேண்டும், முழுக்க நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் கண் வழியாக ஒரு குச்சியைச் செருகி அடிச்சேற்றில் அழுத்தினால் பொறி நிற்கும். சங்கிலியைத் தனியாக இன்னொரு முளையில் 14 கேஜ் கம்பியால் கட்ட வேண்டும். நிறுத்தும் குச்சியிலேயே சங்கிலியையும் கட்டிவிட்டால், அடி விழுந்ததும் குச்சி பிடுங்கிக்கொண்டு எல்லாம் சேர்ந்து ஆழத்துக்குப் போய்விடும். ஓடுதடம் சட்டத்தைவிட அகலமாக இருந்தால் இரண்டு பக்கமும் விரல் தடிமனில் காய்ந்த குச்சிகளை வேலி போல நட வேண்டும். பொறிக்கு மேலே நீர் மட்டத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டால் மேலாக நீந்தி வருவதும் முங்கிப் பொறிக்குள் போகும். பச்சைக் குச்சியை வேலிக்கு வைக்காதீர்கள். மஸ்க்ராட் அதைக் கடித்துத் தின்ன நின்றுவிடும். தலை நுழைய வேண்டிய இடத்தில் முன்கால் நுழையும்.

காலையில் பொறி விழுந்து வெறுமையாகக் கிடந்தால் அதுவே ஒரு கடிதம். சட்டத்தில் ரோமக் கொத்து ஒட்டியிருந்தால் விசை மிக லேசாக இருந்திருக்கிறது. தலை முழுக்க நுழையுமுன் விழுந்துவிட்டது. அடுத்த பல்வெட்டுக்கு மாற்றுங்கள். பொறி சாய்ந்து கிடந்தால் ஊன்றியது போதவில்லை. விலங்கு தோளால் இடித்ததும் ஆடி, பயந்து பின்வாங்கியிருக்கிறது. கோரைத்தண்டு கவ்விக்கொண்டிருந்தால் மிதவைக் குப்பை. ஒன்றுமே இல்லாமல் விழுந்திருந்தால் நீர்மட்டம் மாறி ஓட்டத்தின் வேகம் கூடியிருக்கும். இதில் அதிகமாக வருவது இரண்டாவதுதான். ஒவ்வொரு பொறியையும் வைத்தபின் ஒரு விரலால் தள்ளிப் பார்த்து, அசைந்தால் பிடுங்கி மறுபடி ஊன்றுகிறவருக்கு வெறும் பொறி குறைவாகவே வரும்.

நீர்மட்டம் இன்னொரு தொல்லையும் செய்யும். இரவில் நீர் நாலு அங்குலம் இறங்கினால் மூழ்கியிருந்த பொறி பாதி வெளியே தெரியும். அப்போது வாத்தும் நாமக்கோழியும் ரக்கூனும் அதில் மாட்டும். மதகு உள்ள ஏரிகளில் மதகைத் திறக்கும் நாளை விசாரிக்காமல் வைக்க வேண்டாம்.

காலனிக் கூண்டு என்பது மஸ்க்ராட்டுக்கென்றே பிறந்த கருவி. ஆறு அங்குலம் உயரம், ஆறு அங்குலம் அகலம், இரண்டரை அல்லது மூன்று அடி நீளத்தில் பற்றவைத்த கம்பிவலைப் பெட்டி. இரண்டு முனையிலும் உள்ளே மட்டும் திறக்கும் கதவு. தள்ளிக்கொண்டு நுழையலாம், திரும்பி வர முடியாது. இரை வேண்டாம், விசை வேண்டாம். நல்ல ஓடுதடத்தில் ஒரே இரவில் மூன்று நான்கு பிடிபடுவது சாதாரணம். வலைக்கம்பியில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கதவுக்குச் சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவே கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். நெருக்கமாகச் செய்தால் மணல் புகுந்து கதவு பாதியில் நிற்கும். அதிகம் விட்டால் விலங்கு மூக்கை நுழைத்து நெம்பிவிடும். கதவு தன் எடையிலேயே விழ வேண்டும், நீருக்குள் எடை குறையும் என்பதை மறந்து லேசான கம்பியில் செய்துவிடுகிறார்கள்.

இந்தக் கூண்டுக்கு இரண்டு நிபந்தனை. முழுக்க மூழ்க வேண்டும். மேல்பக்கம் ஓர் அங்குலம் நீருக்கு வெளியே இருந்தாலும் உள்ளே போனது அங்கே மூக்கை நீட்டி இரவெல்லாம் மூச்சுவிட்டுக்கொண்டு தவிக்கும். அடுத்து, வெயில் ஏறும் வசந்தத்தில் ஆமைகள் நடமாடத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஆமை உள்ளே போனால் அதுவும் மூழ்கிச் சாகும். சில மாநிலங்கள் இந்தக் கூண்டை அனுமதிக்கின்றன, சில தடுக்கின்றன. வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டப் புத்தகத்தைப் பாருங்கள். மஸ்க்ராட் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டது 1905இல், பிராக் நகருக்கு அருகே. இன்று நெதர்லாந்தில் அது நீர்த்தடுப்புக் கரைகளைத் துளைக்கும் தொல்லை. அங்கே சம்பளத்துக்குப் பொறி வைப்பவர்கள் மதகுக் குழாய்களில் கூண்டுகளைத்தான் நம்புகிறார்கள்.

விலங்கின் காலைக் கவ்விப் பிடிக்கும் கால்பொறிக்கு நீரின் ஆழம்தான் எல்லாம். மஸ்க்ராட்டின் முன்கால் தீக்குச்சி போல மெலிந்தது. முன்காலில் பிடிபட்டு நீருக்குள் இறங்க முடியாவிட்டால் அது முறுக்கி முறுக்கிக் காலை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் பொறியை இரண்டு மூன்று அங்குலம் நீருக்கடியில் வைக்க வேண்டும். கரையேறும் மஸ்க்ராட் அந்த ஆழத்தில் பின்காலை ஊன்றும், பின்கால் பலமானது. கரையில் எச்சம் கிடக்கும் கட்டை, சறுக்கிறங்கும் வழுவழுப்பான சரிவு, கோரை தின்று மிச்சம் போட்ட மேடை, இவைதான் இடம். சங்கிலியை ஆழமான பக்கம் கட்டி, இரண்டடிக்குக் குறையாத நீர் இருக்கிறதா என்று குச்சியால் அளந்துவிட வேண்டும். ஒன்றாம் எண் பொறியில் பாதுகாப்புக் கம்பி வைத்த வகை கிடைக்கும். விழுந்ததும் அந்தக் கம்பி விலங்கின் உடம்பைத் தள்ளிப் பிடித்து, காலை முறுக்க விடாமல் தடுக்கும். ஆழம் நிச்சயமில்லாத இடத்தில் கால்பொறி வைப்பதாக இருந்தால் அந்த வகையைத் தவிர வேறு வேண்டாம். அங்கே 110 நிற்கும் என்றால் கால்பொறியே வேண்டாம்.

மூழ்கிச் சாவது பற்றிச் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: மஸ்க்ராட் கால் மணி நேரம் நீருக்குள் இருக்கும், அதனால் நீர்ப்பொறி கொடுமை என்று. அமைதியாக இருக்கும்போது அது அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்தான். பிடிபட்டுப் போராடும்போது மஸ்க்ராட்டுக்கும் மிங்க்குக்கும் நாலைந்து நிமிடத்தில் நினைவு போய்விடும். அதுவும் குறுகிய நேரமல்ல. கழுத்தில் சரியாக விழுந்த கிட்டி அதைவிட விரைவு. அதனால்தான் கிட்டியை முதலில் சொல்கிறேன். கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் 1997இல் செய்துகொண்ட பொறித் தர ஒப்பந்தத்தில் மஸ்க்ராட் இருக்கிறது. கொல்பொறி என்றால் 300 விநாடிக்குள் உணர்வு போக வேண்டும் என்பது அதன் எல்லை. மிங்க் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லை என்பதால் மிங்க்குக்கு எதையும் வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

மிங்க்குக்கு வருவோம். அதற்கு மஸ்க்ராட் போல வாசல் என்று ஒன்று நிலையாக இல்லை. பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும், ஒரு சுற்றை முடித்துத் திரும்ப ஒரு வாரம் ஆனாலும் ஆகும். எனவே பொறி பொறுமையாகக் காத்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நீருக்கு மேல் வைத்த சுருக்கு ஒரு வாரம் காற்றிலும் பனியிலும் தன் வடிவத்தைக் காப்பாற்றாது. மூழ்கி நிற்கும் கிட்டி காப்பாற்றும்.

நம்பகமான முதல் வழி அடிவிளிம்பில் வைப்பது. பாலத்தின் காங்கிரீட் சுவர் அல்லது செங்குத்தான கரை எங்கே அடித்தளத்தோடு சேர்கிறதோ, அந்த மூலையை ஒட்டியே மிங்க் நீருக்குள் நீந்தும். அந்த மூலையில், ஓர் அடி முதல் இரண்டடி ஆழத்தில், 110ஐ நிறுத்துதாங்கியில் பொருத்திச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். இரையும் வாசனையும் தேவையில்லை. விசைக்கம்பிகளை ஓரமாக ஒதுக்கினால் மிங்க் தொடாமலே நுழைந்து போய்விடும். கம்பிகளைச் சட்டத்தின் அகலத்தை மூன்றாகப் பிரித்த இரண்டு கோட்டில் நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம். மிங்க்கின் உடம்பு அதைத் தொடாமல் போக முடியாது.

தரையில் மரப்பெட்டிக்குள் கிட்டி வைப்பதானால் ஒற்றை ஸ்பிரிங் போதாது. வயது முதிர்ந்த ஆண் மிங்க்கின் கழுத்துத் தசை முரட்டுத்தனமானது, நீரின் உதவியும் அங்கே இல்லை. 120, அதிலும் பலத்த ஸ்பிரிங்கும் சட்டத்தில் கூடுதல் கம்பியும் வைத்த மேக்னம் வகை வேண்டும்.

இரண்டாவது வழி பொந்து. நீர்மட்டத்தில் கரைக்குள் மூன்று நான்கு அங்குல அகலத்தில், ஒன்றேகால் அடி ஆழத்துக்கு, சற்றே மேல்நோக்கிச் சாயும்படி ஒரு துளை தோண்டுங்கள். வாசலில் இரண்டு அங்குலம் நீர் நிற்க வேண்டும், கடைக்கோடி காய்ந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு மீன் துண்டு அல்லது தோலுரித்த மஸ்க்ராட்டின் தொடை. இரையின் மேல் ஒரு பிடி புல். வாசல் நீருக்குள் ஒன்றரை எண் கால்பொறி. சங்கிலியை ஒருவழிச் சறுக்குப்பூட்டில் மாட்டி, அந்தப் பூட்டை ஆழத்துக்கு இறங்கும் கம்பியில் கோக்க வேண்டும். கம்பியின் கீழ்முனையில் கல் நிரப்பிய சாக்கு, மேல்முனையில் முளை. பிடிபட்டது ஆழத்தை நோக்கிப் பாயும், பூட்டு கூடவே இறங்கும், திரும்ப ஏறாது. தவறு நடப்பது பெரும்பாலும் இந்தக் கம்பியில்தான். தளர்ந்து தொங்கினால் பூட்டு நடுவழியில் நிற்கும். பாசி சுற்றியிருந்தாலும் நிற்கும். வைத்து முடித்ததும் பொறியைக் கையால் பிடித்து ஆழம்வரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மிங்க் மேலே வந்து கரையைத் தொட முடிகிறதா என்பது அந்த ஒரு இழுப்பில் தெரிந்துவிடும்.

பருவத்தையும் கருவியோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். மிங்க்கின் ரோமம் நவம்பர் கடைசி, டிசம்பரில் முழுத்தரத்தில் இருக்கும். குளிர்காலம் முடிய முடிய நிறம் மங்கி நுனி கருகும். மஸ்க்ராட் நேர்மாறு, குளிர்காலக் கடைசியில்தான் தோல் முதிரும். எனவே பனி உறையும் முன் அடிவிளிம்பில் மிங்க்குக்கு 110, பனி உறைந்த பிறகு அதே 110 மஸ்க்ராட் வாசலுக்கு என்று ஒரே டஜனை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தலாம். சுருக்கு இப்படித் திரும்ப வராது.

கண்ணாடி போன்ற முதல் பனியில் ஓடுதடங்கள் தாமாகவே தெரியும்: மஸ்க்ராட் விட்ட மூச்சுக்குமிழிகள் பனியின் அடியில் ஒட்டி வெள்ளைப் பொட்டுக் கோடாக நிற்கும். அந்தக் கோடு கூட்டில் முடியும். அந்தக் கோட்டின் மேல் நடக்காதீர்கள். விலங்கு ஓயாமல் போய்வருவதால் தடத்தின் மேலும் கூட்டைச் சுற்றியும் பனி மெலிந்திருக்கும். தெளிந்த பனி நான்கு அங்குலம் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது பொது விதி, ஆனால் மஸ்க்ராட் சதுப்பில் பத்தடிக்கு ஒருமுறை உளியால் குத்திப் பார்த்தே காலை வைக்க வேண்டும்.

தோலுரிக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். துலரேமியா என்ற காய்ச்சல் மஸ்க்ராட்டிலிருந்து கைக்காயம் வழியாக மனிதனுக்கு வரும். மருத்துவரிடம் போக நேர்ந்தால் மஸ்க்ராட் உரித்ததை முதலில் சொல்லுங்கள்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். ஒன்டாரியோவில் உரிமம் வாங்கவே 40 மணி நேரப் படிப்பு முடிக்க வேண்டும். பல இடங்களில் தரைப்பொறியை 24 மணிக்கொருமுறை பார்த்தாக வேண்டும். பல மாநிலங்களில் மஸ்க்ராட்டின் கூட்டைக் கலைப்பது குற்றம். சில இடங்களில் சுருக்குக்கே தனி அளவும் தனி விதியும் உண்டு. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இதில் சொன்ன எதையும் அங்கே முயல வேண்டாம்.

வரிசையை எடுக்கும் நாளில் நோட்டுப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். வைக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் எண்ணும் அடையாளமும் எழுதியிருந்தால்தான் எத்தனை வைத்தோமோ அத்தனையும் திரும்பும். மறந்துபோன 110 ஒரு தடவை விழுந்ததோடு ஓய்ந்துவிடும். மறந்துபோன சுருக்கு வடிவம் குலைந்தாலும் அடுத்த கோடையிலும் கண்ணியாகவே கிடக்கும். அதனால் சுருக்கு வைத்த இடத்தில் மட்டும் கண் மட்டத்தில் ஒரு ஆரஞ்சு நாடா கட்டுங்கள். நோட்டு நனைந்து எழுத்து கரைந்தாலும் நாடா சொல்லும்.